செலவழுங்கல்: உடல் இளைக்கும் முயற்சியில் ஊக்கம் தேயுமிடம் குறித்து ஓர் ஆய்வு

உடல் மெலிவது தமிழ் இலக்கியத்துக்குப் புதிதல்ல. சங்க அகப்பாடல்களில் தலைவன் பொருள் தேடிப் புறப்பட்ட கையோடு தலைவியின் வளை கழன்று விழத் தொடங்கிவிடும். திருக்குறளில் இதற்கென்றே 'உறுப்புநலன் அழிதல்' என 124-ஆம் அதிகாரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. தோள் மெலிவது, வளை நெகிழ்வது, நெற்றி பசப்பது எல்லாம் அங்கே முறையாகப் பதிவாகியுள்ளன. இவர்களில் ஒருத்திகூட நடைப்பயிற்சிக்குப் போனதாகச் சான்றில்லை. ஓட்ஸ் இல்லை, கிரீன் டீ இல்லை, ஊக்கம் என்ற பேச்சே இல்லை. தலைவன் ஊரில் இல்லாதது ஒன்றே போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்று கணவர் அலுவல் நிமித்தம் ஒரு மாதம் பெங்களூரு போய் வருகிறார். வீட்டில் வளையல் கழல்வதில்லை. போனவர் கை மோதிரமோ சோப்புப் போட்டாலும் கழல்வதில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அளவுக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். அந்தக் கணக்கு உடல் நிறைக் குறியீட்டில் 25-ஐ எல்லையாகக் கொண்டது. இந்திய உடம்புக்கு 23-லேயே எச்சரிக்க வேண்டும் என்கிற மருத்துவர்களின் கணக்கை எடுத்துக்கொண்டால் ஆய்வுக்களம் இன்னும் விரிவடையும்; ஆய்வாளரும் உள்ளே வந்துவிடுவார்.

தானாக நடந்துகொண்டிருந்த காரியம் முயன்று செய்யும் காரியமாகிவிட்டது. முயல்பவர்க்கு ஊக்கம் எந்த இடத்தில் தேய்கிறது என்று தேடுவதே இக்கட்டுரையின் வேலை. இளைக்க வழி சொல்வது இதன் நோக்கம் அன்று. அதற்கு உறவினர்கள் இருக்கிறார்கள்.

திணை வகுத்தல்

ஒரு திணையை முதல், கரு, உரி என்ற மூன்றால் அறியச் சொல்கிறது தொல்காப்பியப் பொருளதிகாரம். உரிப்பொருளில் ஐயமில்லை. இளைக்க முயல்பவர் செய்வதெல்லாம் பிரிதல். காலையில் பொங்கலைப் பிரிகிறார், மதியம் இரண்டாம் முறைச் சோற்றைப் பிரிகிறார், மாலையில் பஜ்ஜியை. பிரிதலுக்கு உரியது பாலைத்திணை. ஆனால் பாலைக்குரிய பொழுது நண்பகல். இவர்களோ வைகறையில் பூங்காவில் தென்படுகிறார்கள். வைகறை மருதத்துக்கு உரியது. உரிப்பொருள் தவிர மற்றவை மயங்கலாம் என்று இலக்கணமே இடம் தருவதால் இதைத் திணைமயக்கமாகக் கொள்க. மருதத்தின் உரிப்பொருள் ஊடல் என்பதையும், ஐந்து மணிக்கு எழுப்பப்பட்டவர் வீட்டில் காட்டும் முகத்தையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் வேறுவிதமாக வாதிடக்கூடும். அவர்களுக்கு விடை சொல்ல இங்கே இடமில்லை.

நிலம் ஊருக்கு ஊர் மாறும். சென்னை லஸ்ஸில் நாகேஸ்வரராவ் பூங்கா, கோவையில் ரேஸ்கோர்ஸ். 2023-இல் மாநில அரசே 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அறிவித்ததால் நிலம் இல்லை என்ற சாக்கு சட்டப்படி நீங்கிவிட்டது.

கருப்பொருளைத் தொல்காப்பியர் சொன்ன வரிசையிலேயே தருகிறோம். தெய்வம், பூங்கா வாசல் பிள்ளையார். தொந்தி குறையப் போகிறவர் தொந்திக் கணபதியைக் கும்பிட்டுவிட்டுப் போவதில் முரண் காண்பவர் பக்தி அறியாதவர். உணா, தள்ளுவண்டியில் விற்கும் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, கொள்ளு சூப். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியை வண்டிக்காரர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருப்பார். மா, தெருநாய். நடையின் வேகத்தைக் கூட்டுவதில் எந்தப் பயிற்சியாளரும் அதற்கு ஈடில்லை. மரம், தூங்குமூஞ்சி. புள், மைனா, அது நடப்பவர்களைவிட வேகமாக நடந்து அவர்களைத் தலைகுனிய வைக்கும். பறை, செல்பேசி அலாரம். செய்தி என்ற தொழில் இரண்டு: நடத்தல், நடந்ததைச் சொல்லுதல். யாழ் காதுக்குள் இருக்கிறது. இளையராஜாவின் மெல்லிசை வந்தால் கால்களும் மெல்லிசைக்கு மாறிவிடுவதால் யாழின் பயன் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு.

செலவழுங்கல் என்னும் துறை

பாலைத்திணையில் செலவழுங்கல் என்றொரு துறை உண்டு. பிரிந்து போவதாக முடிவுசெய்த தலைவன், புறப்படும் தறுவாயில் நின்றுவிடுவது. நின்றவன் போகவே மாட்டான் என்று பொருள் கொள்ளக்கூடாது, தலைவியைத் தேற்றிவிட்டுப் போவதற்காகத்தான் நிற்கிறான் என்று தொல்காப்பியரே அவன் சார்பில் வாதாடியிருக்கிறார். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய வக்காலத்து இது. ஞாயிற்றுக்கிழமை இரவு பிரியாணியின் முன் உட்கார்ந்து "நாளையிலிருந்து ஸ்டிரிக்டா இருக்கணும்" என்கிறவர், செல்லாமையைச் சொல்லவில்லை, பிரியாணியைத் தேற்றுகிறார்.

இதில் ஆராய வேண்டிய புதிர் ஏன் திங்கள் என்பது. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பது நம் வழக்கு. எதைத் தொடங்கவும் புதன் உகந்தது. கல்வி என்றால் விஜயதசமி. திங்கள் காலை ஏழரை முதல் ஒன்பதுவரை ராகு காலம் வேறு; ஆறு மணி அலாரத்தை அணைத்துவிட்டு எழுந்தவர் காலணி மாட்டும் நேரம் சரியாக அதுதான். பஞ்சாங்கம் பார்த்து வீட்டுக்கு வெள்ளையடிக்கிற குடும்பத்தில், உடம்பைச் செப்பனிட மட்டும் பஞ்சாங்கத்துக்கு எதிரான நாளைத் தேர்ந்தெடுப்பது ஏன்?

மேலைநாட்டு உரைகாரர்களான ஹெங்சென் டாய், கேத்தரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் ஆகிய மூவரும் 2014-இல் இதற்கு விளக்கம் எழுதினார்கள். வாரம், மாதம், ஆண்டு ஆகியவற்றின் தொடக்கத்தில் 'டயட்' என்ற சொல்லைக் கூகுளில் தேடுவோர் தொகை உயர்கிறது. பல்கலைக்கழக உடற்பயிற்சிக் கூடத்துக்கு மாணவர்கள் வருவதும் அப்படியே. பிறந்தநாளை ஒட்டியும் வருகை கூடுகிறது, இருபத்தோராவது பிறந்தநாளைத் தவிர. அமெரிக்காவில் சட்டப்படி மது அருந்தத் தொடங்கும் வயது அது. புதுநாள் பிறந்ததும், பழைய தோல்விகளெல்லாம் வேறு யாரோ செய்தவை என்று மனம் ஒதுக்கிவைத்துவிடுகிறது என்பது இவர்கள் கருத்து.

இவ்வுரை பொருந்தும், ஆனால் முழுதும் பொருந்தாது. தமிழருக்குப் பிறந்த தேதி ஒன்று, பிறந்த நட்சத்திரம் ஒன்று. ஜனவரி ஒன்று போனால் தை ஒன்று, அது போனால் சித்திரை ஒன்று. அமெரிக்கரைவிட நமக்குப் புதுப்பிறப்பு அதிகம் என்றால் நாம் அவர்களைவிட மெலிந்திருக்க வேண்டும். ஏன் இல்லை? நம் ஒவ்வொரு தொடக்கமும் பலகாரத்தோடு வருகிறது. தைக்குச் சர்க்கரைப் பொங்கல், சித்திரைக்குப் பாயசமும் வடையும், விஜயதசமிக்குச் சுண்டல். ஒரு தொடக்கத்தின் பலகாரம் தீர்ந்து அடுத்த தொடக்கம் வருவதற்கு இடையில் எஞ்சுகிற சில வாரங்களில் உறவில் ஒரு கல்யாணம் விழுந்துவிடும். எனவே பண்டிகை, பலகாரம், பஞ்சாங்கச் சிறப்பு எதுவும் இல்லாத ஒரே நாளான திங்கள் நின்றது. அதன் ஒரே தகுதி, ஞாயிற்றுக்குப் பின்னால் வருவது.

இதிலிருந்து இக்கட்டுரையின் முதல் முடிவைப் பெறலாம். ஊக்கம் திங்களன்று தேய்வதில்லை. அது ஞாயிறு இரவே, இன்னும் தொடங்காத நிலையிலேயே, உச்சத்தைத் தொட்டு அனுபவிக்கப்பட்டுவிடுகிறது. காலணி வாங்குவது, கைக்கடிகாரம் வாங்குவது, சிறுதானியம் வாங்கி டப்பாவில் ஒட்டி எழுதுவது, இவையெல்லாம் பயணத்துக்கான ஆயத்தங்கள் அல்ல, பயணத்தின் இன்பமே இவைதான். தொடக்கத்துக்கு முந்தைய இரவில் ஒருவர் அடையும் இளைத்த உணர்வுக்கு நிகரானதைப் பின்னால் எந்த எடைக் கருவியும் தந்ததில்லை.

திங்கள் தாண்டியவர்களுக்கும் இடர் உண்டு. 1975-இல் ஹெர்மன், மேக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். மாணவியருக்கு மில்க்ஷேக் கொடுத்துவிட்டுப் பிறகு ஐஸ்கிரீமைச் சுவைத்துக் கருத்துச் சொல்லக் கேட்டார்கள். உணவில் கட்டுப்பாடு இல்லாதவர்கள், மில்க்ஷேக் குடித்தபின் ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டார்கள். கட்டுப்பாடாக இருந்தவர்களோ, மில்க்ஷேக் உள்ளே போனதும் அதிகமாகச் சாப்பிட்டார்கள். நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்ற ஒரே வரியில் நம் பாட்டிகள் சொன்ன முடிவு இது. பாட்டிகளுக்கு ஐஸ்கிரீம் செலவு மிச்சம். பத்து மணிக்கு ஒரு மைசூர்பாகுத் துண்டால் நனைந்தவர் அன்று முழுவதும் மழையில் நிற்கிறார். அடுத்த குடை திங்கள்தான்.

அலர்

காதல் ஊராருக்குத் தெரிந்து அவர்கள் வாயில் அடிபடுவது அலர். ஊர் பேசப் பேசக் காதல் வளரும் என்பது வள்ளுவர் கட்சி. இளைக்கப் போவதை எல்லாரிடமும் சொல்லிவிடு, அப்போதுதான் வெட்கத்துக்காவது விடாமல் செய்வாய் என்று அறிவுரை சொல்பவர்கள் தெரியாமலே வள்ளுவரைப் பின்பற்றுகிறார்கள். பீட்டர் கோல்விட்சரும் அவருடைய துணைவர்களும் 2009-இல் மறுகட்சி கட்டினார்கள். தான் ஆக விரும்புவதைப் பிறர் அறிந்துகொண்டதும், ஆகிவிட்ட நிறைவு பாதி வந்துவிடுகிறது. அதன்பின் உழைப்பு குறைகிறது என்று சட்ட மாணவர்களை வைத்துக் காட்டினார்கள்.

இரு கட்சியாரும் தமிழ் அலரைக் கேட்டதில்லை. இங்கே ஒருவர் உண்மையிலேயே நாலு கிலோ குறைத்துக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் முதலில் எதிர்ப்படும் பெரியப்பா கேட்பது, "என்னப்பா, ஆளே பாதியாயிட்ட? சுகர் பார்த்தியா?" அவரை மீறி உள்ளே போனால் அத்தை. "கண்ணு உள்ள போயிடுச்சே, வீட்ல சரியாப் போடறாங்களா இல்லையா?" இப்போது விசாரணை மனைவியின் பக்கம் திரும்பிவிட்டது. மூன்றாமவர், பேச்சைக் குறைத்துக்கொண்டு, தமக்குத் தெரிந்த நல்ல டாக்டர் ஒருவர் பெயரைக் காதோடு சொல்வார். பூசினாற்போல இருப்பது பாராட்டாகவும் இளைத்திருப்பது நோயாகவும் கருதப்படும் ஒரு சமுதாயத்தில், வெற்றி பெற்றவருக்குக் கிடைப்பது அனுதாபம். தோற்றவருக்குத்தான் "இப்பதான் முகத்துல ஒரு களை வந்திருக்கு" என்ற வாழ்த்து. உலகில் வேறெங்கு ஊக்கம் குன்றினாலும் அதற்கு மனவியல் காரணம் தேடலாம். இங்கே அத்தை போதும்.

செவிலித்தாயின் பங்கு தனி. அகப்பாடலில் உடன்போன மகளைத் தேடிப் பாலைவழியில் நடந்தவள் அவள். இன்று மகன் டயட்டில் இருப்பதாகக் கேட்டதும் மகனுக்குப் பதில் அம்மாவுக்குத்தான் உடம்பு மெலிகிறது. "சரிப்பா, சோறு வேணாம். நெய் விட்டு ரெண்டே ரெண்டு அடை போடட்டுமா?" அடையைச் சோறாகக் கருதக்கூடாது என்பது செவிலி மரபில் தொன்றுதொட்டு வரும் கொள்கை. பாணன் என்ற வாயிலும், அதாவது தூதுவனும், உண்டு. பிரிந்தவரை மீண்டும் சேர்த்துவைக்க இரவு பத்து மணிக்குச் செல்பேசியில் வந்து நின்று, 'உங்களை நினைத்து ஒரு பரோட்டா வாடுகிறது' என்ற பொருள்படத் தூது சொல்வான் அவன். சங்கப் பாணனுக்கு வாயில் மறுக்கத் தோழி இருந்தாள். இப்போது தோழியும் சேர்ந்து ஆர்டர் போடுகிறாள்.

எடை என்னும் தெய்வம்

பதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கும் நாற்காலி ஒன்று செய்து, தாம் உண்பதையும் கழிப்பதையும் தம் உடல் எடையையும் சுமார் முப்பது ஆண்டுகள் நிறுத்துக்கொண்டே இருந்தார். 1614-இல் அதை நூலாக வெளியிட்டார். எடை பார்ப்பதில் இத்தனை ஆண்டு ஊக்கம் குன்றாத ஒருவரை இந்த ஆய்வாளர் வேறெங்கும் கண்டதில்லை. காரணம் எளிது. அவருக்கு இளைக்கும் எண்ணமே இல்லை. உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போவது எவ்வளவு என்பதுதான் அவர் கவலை.

நம்மவர் கவலை வேறு. உணவைக் குறைத்த முதல் வாரத்தில் ஒன்றரை, இரண்டு கிலோ சட்டென்று இறங்கும். வீடே கொண்டாடும். ஈரலிலும் தசையிலும் சேமித்திருந்த கிளைக்கோஜன் கரைந்ததன் விளைவு அது. ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது கரைந்ததும் தண்ணீரும் வெளியேறுகிறது. போனது பெரும்பாலும் தண்ணீர், கொழுப்பு ஏறக்குறைய அங்கேயே இருக்கிறது. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கிலோகலோரி கணக்கு. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் நடந்தால் எரிவது ஏறத்தாழ 250. வேறெதையும் கூட்டாமல் குறைக்காமல் ஒரு மாதம் நாள் தவறாமல் நடந்தால் ஒரு கிலோ. நடந்த பிறகு பூங்காவுக்கு எதிரே இரண்டு மெதுவடையும் ஒரு டிகிரி காப்பியும் என்றால் வரவும் செலவும் நேர். முந்தின இரவு ஊறுகாயும் அப்பளமும் சேர்ந்திருந்தால் உப்பு தண்ணீரைப் பிடித்துவைத்து, காலையில் எடை ஏறியும் காட்டும். இரண்டாம் வாரத்தில் பெரும்பாலோர் மனம் உடைவது இங்கேதான். சோம்பலால் என்று அவர்களே தங்களைத் திட்டிக்கொள்கிறார்கள். தண்ணீரை வெற்றியென்று எண்ணியதுதான் குற்றம்.

இதைப் புரிந்துகொண்ட ஒரே கருவி ரயில் நிலையத்து எடை இயந்திரம். வண்ண விளக்குகள் சுழன்று மின்ன, காசைப் போட்டால் சின்ன அட்டை ஒன்று விழும். அதில் எடையோடு ஒரு நல்வாக்கும் இருக்கும்: நீங்கள் இளகிய மனம் படைத்தவர், விரைவில் நற்செய்தி வரும் என்பதுபோல. எண்ணை மட்டும் காட்டினால் மனிதன் மறுபடி வரமாட்டான் என்பதை அதை வடிவமைத்தவர் அறிந்திருந்தார். இன்றைய கைக்கடிகாரம் பத்தாயிரம் அடி நடக்காவிட்டால் உறுமுகிறது. அந்தப் பத்தாயிரம், 1965-இல் ஜப்பானியக் கடிகார நிறுவனம் ஒன்று அடிமானி விற்பதற்காகச் சூட்டிய பெயரிலிருந்து வந்தது. முதிய பெண்களை வைத்து 2019-இல் வெளிவந்த ஹார்வர்டு ஆய்வில் 7,500 அடி அளவிலேயே ஆயுள் பயன் சமநிலைக்கு வந்துவிட்டது. ஆனாலும் இரவு பதினொன்றுக்குப் படுக்கையறையில் கட்டிலைச் சுற்றி மிச்ச அடிகளைக் கட்டி முடிப்பவர்களை நாம் அறிவோம். அது நேர்த்திக்கடன். ஆய்வு அதில் தலையிடாது.

கைக்கிளையும் பெருந்திணையும்

ஒருதலைக் காமம் கைக்கிளை. ஜிம்முக்கு ஆண்டுச் சந்தா கட்டுவது இதன்பாற்படும். அமெரிக்காவில் டெல்லவிக்னா, மால்மெண்டியர் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் மாதத்துக்கு நாலைந்து முறையே போனார்கள். ஒருமுறைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. முறைக்குப் பத்து டாலர் வீதம் பத்துமுறைச் சீட்டு அங்கேயே விற்றுக்கொண்டிருந்தது. நேசித்தவர்கள் கணக்குப் பார்ப்பதில்லை.

பொருந்தாக் காமம் பெருந்திணை. தினம் நூறு பாதாம், வெண்ணெய் கலந்த காப்பி, பதினைந்து நாள் பழச்சாறு மட்டும் என்பவை எல்லாம் இங்கே அடங்கும். மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் 1944-45-இல் முப்பத்தாறு இளைஞர்களை ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டபோது, அவர்கள் அதுவரை தொட்டறியாத சமையல் புத்தகங்களைச் சேர்த்துப் படிக்கத் தொடங்கினார்கள். நள்ளிரவில் படுக்கையில் பரோட்டா வீடியோ பார்க்கும் நம்மவர், போர்க்கால அறிவியலின் தொடர்ச்சி என்று உணர்க.

கற்பு

இனி எஞ்சியது, ஆண்டுக்கணக்கில் விடாமல் நடப்பவர்கள். மணத்துக்கு முந்தைய களவில் பரபரப்பு உண்டு, மணத்துக்குப் பிந்தைய கற்பில் அது அடங்கிவிடும் என்பதால் இவர்களைக் கற்பியலில் வைக்கிறோம். லண்டனில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு செயல் யோசிக்காமல் செய்யும் பழக்கமாகப் படிய ஒருவருக்கு 18 நாள் ஆனது, மற்றொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது, இடைநிலை அளவு 66. ஒருநாள் தவறியதால் பெரிய சேதம் எதுவும் இல்லை என்பதும் அதில் தெரிந்தது. செலவழுங்கிய தலைவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவில்லை.

பூங்காவில் இந்தக் கற்பியலாரைக் கவனிக்க வேண்டும். ஆறேழு பேர், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், பாதையை அடைத்தாற்போல் வரிசையாக நடப்பார்கள். முன்னால் நடப்பவர் தேர்தல் பேசுவார், பின்னால் வருபவர் பேத்தியின் விசா பேசுவார். ஒருவர் வராவிட்டால் வாசலில் நின்று போன் போடுவார்கள். "என்ன சார், இன்னும் கிளம்பலையா? அஞ்சு நிமிஷம் பார்ப்போம், அப்புறம் ஆரம்பிச்சிடுவோம்." அவர்கள் ஆரம்பிப்பதில்லை, பதினைந்து நிமிடம் ஆனாலும் நிற்பார்கள். அந்த மனிதர் எழுந்து வருவதற்குக் காரணம் இதயநோய் அச்சமோ, கண்ணாடியோ, கைக்கடிகாரமோ இல்லை. வாசலில் நாலு பேர் நிற்கிறார்கள். நடை முடிந்ததும் எதிரே டிபன் கடையில் யார் காசு கொடுப்பது என்ற சச்சரவு ஒன்று பாக்கியிருக்கும்.

இத்தனை ஆண்டில் எடை எவ்வளவு குறைந்தது என்று ஆய்வாளர் அவர்களைக் கேட்டார். மூத்தவர் நின்று, காதில் சரியாக விழவில்லை என்பதுபோல் பார்த்தார்.

"எடையா? அதுக்கு யாருங்க வர்றா?"